யாருக்காக இந்த வக்காலத்து?

ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து, கோயில் முற்றத்து வேப்பமரத்தடியில் மக்களோடு நின்றிருந்த வேளை. எம் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். வழக்கமாகச் சிரித்த முகத்தோடு வருகிறவர். அன்று சிரிப்பு இல்லை. "ஏனுங்க சாமி, அந்தப் பாவிக்குப் போயி நீங்க வக்காலத்து வாங்கலாமுங்களா?" என்றார். சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் கேட்டது அவருடைய கேள்வி மட்டும் அன்று என்பது அந்த அமைதியிலேயே விளங்கிற்று.

நடந்தது இவ்வளவுதான். பங்கைச் சேர்ந்த ஒருவர்மீது கொடிய குற்றச்சாட்டு எழுந்து, அவர் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். குற்றம் இன்னதென்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இதைப் படிப்போரின் முகமும் அப்பெரியவரின் முகம்போல் ஆகிவிடும். அவருடைய மனைவி பங்கு இல்லத்துக்கு வந்து, வக்கீல் வைக்க வழியில்லை என்று அழுதார். நாம் அவரைக் கோவை ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். செய்தி எமக்கு முன்னே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

பெரியவருக்கு அன்று தக்க விடை சொல்ல இயலவில்லை. "அப்புறம் பேசுவோமுங்க" என்று நழுவினோம். அந்த 'அப்புறம்' இக்கட்டுரையில் வருகிறது.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். வக்காலத்து என்பது நீதிமன்றத்தில் ஒரு தாள். தனக்காகப் பேசும் உரிமையை ஒருவர் வழக்குரைஞருக்குக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள். நீதிமன்றத்துக்குள் அத்துணை மதிப்புடைய அச்சொல், தெருவுக்கு வந்ததும் வசையாகிவிடுகிறது. 'நீ ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்?' என்று கேட்டால், நீயும் அவனைச் சேர்ந்தவன் என்று பொருள். இன்னொரு சொல்லும் உண்டு. நம் காவல் நிலையத் தாள்களிலும் நீதிமன்றத் தாள்களிலும் குற்றம் சாட்டப்பட்டவரைக் குறிக்க வழங்கும் தமிழ்ச் சொல் 'எதிரி'. முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசை எண்ணும் கொடுக்கப்படும். எதிர்த்தரப்பில் நிற்பவர் என்பதே அதன் பொருளாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நாளிதழில் அதைப் படிக்கும் நம் காதில் பகைவன் என்றே விழுகிறது. விசாரணை தொடங்குமுன்னரே தீர்ப்பைச் சொல்லிவிடும் சொல் அது. மாற்ற வேண்டியவர்கள் மாற்றுவார்களாக.

பெரியவரின் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அதன் உள்ளே ஒரு நியாயமான சினம் இருக்கிறது. இறந்தவருக்காக, சிதைக்கப்பட்டவருக்காக யார் பேசுகிறார்கள்? செத்தவன் குடும்பம் மூலையில் கிடக்க, செய்தவனுக்கு அரசுச் செலவில் வக்கீலா? இந்தக் கேள்வியைக் கோவைக்காரர்கள் புத்தகத்திலிருந்து கற்றவர்கள் அல்லர்.

2010-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில், கோவையில் பள்ளிக்குப் புறப்பட்ட ஓர் அக்காளும் தம்பியும் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். பிஞ்சுகளின் உடல்கள் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் கிடைத்தன. இந்நகரம் அன்று அழுத அழுகையை அறிந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கைது செய்யப்பட்ட இருவருள் ஒருவர், நவம்பர் 9-ஆம் நாள் அதிகாலையில், விசாரணைக்காக அழைத்துச் செல்லப்பட்ட இடத்தில் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டதாகவும், தாங்கள் திருப்பிச் சுட்டதாகவும் காவல்துறை கூறிற்று. பொழுது விடிந்ததும் நகரில் பட்டாசு வெடித்தது. இனிப்பு வழங்கினார்கள். அன்று நாம் போயிருந்த ஒரு வீட்டிலும் தட்டில் இனிப்பு வந்தது. வாயில் இட்டீர்களா என்று வாசகர் கேட்கக்கூடும். இட்டோம்.

அந்த இனிப்பைப் பற்றிப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். அந்த மனிதர் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல எமக்கு எந்த ஆதாரமும் இல்லை. எம்மை உறுத்துவது வேறு. இரண்டாமவர்மீது வழக்கு நடந்தது. 2012-இல் கோவை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2019 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளுள் ஒருவர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டாலும், மரண தண்டனைக்கு உடன்படவில்லை. இரண்டு பேர் சேர்ந்து செய்த குற்றத்தில் யார் எதைச் செய்தார், யார் சொல்லி யார் செய்தார் என்று எடை போடும்போது, அதைப் பற்றிக் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டிருக்கக்கூடிய ஒரு வாய் ஒன்பதாண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு முழு உண்மையைக் கேட்கும் உரிமை இருந்தது. அன்று நாம் தின்ற இனிப்பு அவர்களுடைய அந்த உரிமைக்கும் சேர்த்து வழங்கப்பட்டது என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை.

அதே நவம்பரைத் தொடர்ந்து வந்த டிசம்பர் 6-ஆம் நாள், உச்ச நீதிமன்றம் இன்னொரு கோவை வழக்கில் தீர்ப்பளித்தது. ஏ.எஸ். முகமது ரஃபி எதிர் தமிழ்நாடு அரசு என்பது அதன் பெயர். இதற்கும் அதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க எம்மால் முடியவில்லை. கோவையில் வழக்குரைஞர் ஒருவருக்கும் காவல்துறையினருக்கும் ஏற்பட்ட மோதலில் எழுந்தது அவ்வழக்கு. அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் காவலர்கள். அவர்களுக்காகத் தம் உறுப்பினர் எவரும் முன்னிலையாகக் கூடாது என்று கோவை வழக்குரைஞர் சங்கம் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் கியான் சுதா மிஸ்ராவும், இத்தகைய தீர்மானங்கள் நாட்டில் எங்கே நிறைவேற்றப்பட்டாலும் செல்லாதவை என்றும், சமுதாயம் எவ்வளவுதான் அருவருத்தாலும் ஒரு மனிதருக்குத் தம் தரப்பைச் சொல்லிக்கொள்ளும் உரிமை உண்டு என்றும், வழக்கை மறுப்பது வழக்குரைஞர் தொழிலறத்துக்கே மாறானது என்றும் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பின் படியை நாடெங்குமுள்ள வழக்குரைஞர் அமைப்புகளுக்கு அனுப்பவும் ஆணையிட்டார்கள். இன்று இந்தியாவின் எந்த மூலையில் ஒரு சங்கம் 'இவனுக்காக யாரும் போகாதீர்' என்று முடிவெடுத்தாலும், அதற்கு எதிராக எடுத்துக் காட்டப்படுவது கோவையிலிருந்து சென்ற இந்த வழக்குத்தான்.

இவ்வழக்கின் முரண் எமக்குச் சிந்தனையைத் தருகிறது. காவலர் என்போர் பிறரை எதிரியாக நிறுத்துகிறவர்கள். அவர்களே எதிரியாக நின்றபோது, அவர்களுக்கும் ஒரு குரல் தேவைப்பட்டது. அதுவும் அவர்களைப் பகைத்தவர்களின் கூட்டத்திலிருந்தே தேவைப்பட்டது. இந்த உரிமை 'அவனுக்கு' என்று நாம் ஒதுக்கி வைக்கும் உரிமை அன்று. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் என்று யார் கண்டார்? அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் எடுத்துக்காட்டிய முன்னோர்களுள் ஒருவர் தாமஸ் எர்ஸ்கின் என்னும் ஆங்கிலேய வழக்குரைஞர். 1792-இல் தாமஸ் பெய்னுக்காக வாதாடியதால் இளவரசரிடம் தாம் வகித்த பதவியை இழந்தவர் அவர்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு என்று சொல்வோரும் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தை மறந்தவர்கள். கோவலன் செத்தது எதனால்? பொற்கொல்லன் சொன்னான், மன்னன் கேட்டான், காவலர் சென்றார்கள், வாள் விழுந்தது. இடையில் ஒருவரும் 'உன் தரப்பு என்ன?' என்று கோவலனைக் கேட்கவில்லை. சிலம்பினுள் இருப்பது முத்தா, மாணிக்கமா என்ற ஒரே கேள்வி அவனைக் காப்பாற்றியிருக்கும். கண்ணகி மதுரை அவையில் வந்து நின்று செய்தது, கணவனின் வழக்குரைஞர் செய்திருக்க வேண்டிய வேலையைத்தான். ஆனால் தண்டனை முடிந்த பிறகு வந்த வாதம் அது. நம் கொங்கு மண்ணுக்கு இதில் ஒரு தனிப் பங்கும் உண்டு. கொங்கிளங்கோசர் தங்கள் நாட்டில் அப்பெண்ணுக்கு விழா எடுத்துச் சாந்தி செய்தனர் என்று சிலப்பதிகாரத்தின் முன்னுள்ள உரைபெறு கட்டுரை கூறுகிறது. கேளாமல் கொல்லப்பட்டவனின் மனைவிக்கு விழா எடுத்தவர்கள் கொங்கர். கேளாமல் ஒருவர் கொல்லப்பட்ட காலையில் பட்டாசு வெடித்தவர்களும் நாமே.

விவிலியத்திலும் இதற்கு இணையான ஒரு பகுதி, தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாறு. முதியோர் இருவர் சாட்சி சொன்னார்கள். அவர்கள் முதியோர், அதிலும் மக்களின் நடுவர்கள் என்பதால் கூட்டம் நம்பிற்று. சாவுத் தீர்ப்பும் ஆயிற்று. இளைஞன் தானியேல் செய்தது என்ன? அப்பெண் தூயவள் என்று நெடிய சொற்பொழிவு ஆற்றவில்லை. சாட்சிகள் இருவரையும் பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று தனித்தனியே கேட்டார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னார்கள். குருமடத்தில் இதனைக் கற்பு பற்றிய பாடமாகவே எமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். குறுக்கு விசாரணை பற்றிய பாடம் என்று நாம் உணர்ந்தது நீதிமன்றத்தின் பின்வரிசையில் உட்கார நேர்ந்த பிறகுதான். அது பின்னால் வருகிறது.

தூய ஆவியாரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நாம் துணையாளர் என்கிறோம். வழக்கில் ஒருவருக்கு அருகே நின்று துணைசெய்பவரைக் குறிக்கவும் வழங்கிய சொல் அது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், தண்டனை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்குரைஞர் ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும், அவராக அமர்த்திக்கொள்ளாவிடில் நீதிபதியே அமர்த்த வேண்டும் என்று 1481-ஆம் விதியில் கூறுகிறது. இதை எழுதும்போது ஒன்றையும் மறைக்கலாகாது. குற்றம் சாட்டப்பட்டவரின் நற்பெயர், உரிமை என்று சொல்லிக்கொண்டே, சிறுவர்களுக்குக் கேடு செய்தவர்களை மூடி மறைத்து, பாதிக்கப்பட்டோரை ஊமையாக்கிய பழி உலகின் பல நாடுகளில் திருச்சபைக்கும் உண்டு. அது எதிர்வாதம் அன்று. விசாரணையே நடவாமல் பார்த்துக்கொள்வது. பகலில், நீதிபதி முன், மறுதரப்பு கேட்க எடுத்து வைக்கப்படும் வாதத்தைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

இனி, நம் மக்களுள் பலர் அறியாத சட்ட நடைமுறையைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். நடுவீட்டில் காவலர் வந்து நிற்கும்போது இது தெரியாமல் போவதால் விளையும் கேடு மிகப் பெரிது.

முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதனால் ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அது புலனாய்வின் தொடக்கம் மட்டுமே. கைது செய்யப்பட்டவரிடம் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்குரைஞரைக் கலந்துகொள்ளத் தடை செய்யலாகாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குற்றவியல் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவை அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் உறுப்பு தரும் உரிமைகள். காவல் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதல், நீதிமன்றத்தில் அவருக்கெதிராகச் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் புதியவை வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறியுள்ளன. இந்த அடிப்படைகள் மாறவில்லை. வக்கீல் வைக்க வசதியற்றவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்பதை 1979-இல், பீகார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த விசாரணைக் கைதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திற்று. கேட்டால்தான் தருவோம் என்று இருக்கலாகாது, முதன்முறை முன்னிறுத்தப்படும்போதே இந்த உரிமையை நடுவர் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1981-இல், பாகல்பூரில் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட வழக்கில் கூறிற்று. மும்பைத் தாக்குதலில் உயிரோடு பிடிபட்டவருக்கும் வழக்குரைஞர் அமர்த்தப்பட்டார். மூன்று நிலைகளில் விசாரித்த பின்னரே 2012-இல் தண்டனை நிறைவேறிற்று.

1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. காவலில் இருப்போர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இதன்படி இலவச வழக்குரைஞரைப் பெறலாம். மற்றவர்க்கு வருமான வரம்பு உண்டு. சிறையில் இருக்கும் ஒருவர், காவலில் இருக்கிறார் என்ற காரணத்தாலேயே இதற்கு உரியவர் ஆகிறார். மாவட்டத்துக்கு மாவட்டம் ஆணைக்குழுவும் வட்டங்களில் குழுக்களும் உள்ளன. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். 2022 முதல், குற்ற வழக்குகளில் எதிர்வாதம் செய்வதையே முழுநேரப் பணியாகக் கொண்ட வழக்குரைஞர்களைப் பல மாவட்டங்களில் அமர்த்தியிருக்கிறார்கள். இலவச வக்கீல் என்றால் இளக்காரமாகப் பேசுவது நம் வழக்கம். சிலர் சரியாக உழைப்பதில்லை என்பது மெய்யே. பணம் வாங்கியவர்களிலும் அத்தகையோர் உளர்.

எதிர்வாதத்துக்கு வழி இருந்தவர்க்கும் இல்லாதவர்க்கும் உள்ள இடைவெளியை நம் பகுதி வரலாறே காட்டுகிறது. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சிதம்பரனாருக்கு 1908-இல் விதிக்கப்பட்டது நாற்பதாண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் அது ஆறாண்டாகக் குறைந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் கோவைப் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் ஒருவர். அவர் முதல் விசாரணையிலேயே விடுவிக்கப்பட்டார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1947-இல் குற்றமற்றவர்களாக வெளிவந்தார்கள். லண்டன்வரை செல்ல அவர்களிடம் பொருள் இருந்தது. பொருள் இல்லாதோர் நிலை? வீரப்பன் தேடுதல் காலத்தில் தமிழக, கருநாடக எல்லை மலைச் சிற்றூர்களைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட எளியோர் தடா சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஆண்டுகள் பல கழிந்து 2001-இல் தீர்ப்பு வந்தபோது பெரும்பாலோர் விடுதலையானார்கள். அதற்குள் வெளியே இருந்த பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தார்கள்.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொண்டவை. எம் சொந்தக் கணக்கு ஒன்று தீராமல் இருக்கிறது.

குருப்பட்டம் பெற்று ஐந்தாறு ஆண்டுகளே ஆன காலம். விசைத்தறி ஓடும் ஒரு சிற்றூர்ப் பங்கில் இருந்தோம். திருவிழா இரவொன்றில், மதுக்கடையருகே நடந்த அடிதடியில் இளைஞன் ஒருவன் கத்திக்குத்துப்பட்டு இறந்தான். நான்கு பேர்மீது கொலை வழக்கு. இறந்தவனும் எம் பங்கு. நான்கு பேருள் மூன்றாம் எதிரியாகக் காட்டப்பட்ட தறித் தொழிலாளியும் எம் பங்கு. அவனுடைய தாய் மறுநாள் இருட்டோடு வந்து கதவைத் தட்டினாள். "எம் பையன் கத்தியத் தொடலீங்க சாமி" என்றாள். நாம் என்ன சொன்னோம்? "சட்டம் தன் கடமையைச் செய்யும் அம்மா, செபியுங்கள்" என்றோம். அவளுக்கு உதவினால் இறந்தவன் வீட்டாரின் முகத்தில் எப்படி விழிப்பது என்று எண்ணினோம். அதற்கு நடுநிலை என்று பெயரும் வைத்துக்கொண்டோம்.

அவள் காதில் கிடந்ததை விற்று, நீதிமன்ற வாசலில் கிடைத்த ஓர் இடைத்தரகரிடம் கொடுத்தாள். பணம் போயிற்று, வக்கீல் வரவில்லை. கொலை போன்ற வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிடில், சிறையில் இருப்பவர் பிணையில் வெளிவரும் உரிமை பெறுகிறார். அவன் வழக்கில் அந்த நாள் கடந்தது, குற்றப்பத்திரிகை வரவில்லை. அன்று ஒரு தாளில் மனு எழுதிக் கொடுக்க ஆள் இருந்திருந்தால் அவன் வெளியே வந்திருக்கக்கூடும். சில நாளில் குற்றப்பத்திரிகை வந்தது. கேளாத உரிமை அத்தோடு போயிற்று. எம் பங்கு இல்லத்திலிருந்து நீதிமன்றம் ஒரே பேருந்துத் தொலைவில் இருந்தது.

வழக்கு அமர்வு நீதிமன்றம் சென்ற பின், இலவச சட்ட உதவியில் ஓர் இளம் பெண் வழக்குரைஞர் அமர்த்தப்பட்டார். உறுத்தல் தாங்காமல் ஒருசில நாள்கள் நாமும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அவர் குரலை உயர்த்தவில்லை. விளக்கு எங்கே இருந்தது, நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், காயம் எத்தனை என்று ஒவ்வொரு சாட்சியையும் கேட்டார். மருத்துவரின் பிணக்கூறு அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு குத்து. நான்கு பேரும் சேர்ந்து குத்தினார்கள் என்று சொல்லப்பட்ட கதை, கேள்வி கேட்கக் கேட்க இழை இழையாகப் பிரிந்தது. குத்திய கை எது என்பது வெளிவந்தது. தறிக்காரன் கையால் அடித்ததும் வெளிவந்தது. அவனுடைய தாய் சொன்னதுபோல அவன் ஒன்றும் அறியாதவன் அல்லன். அடித்ததற்கு அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அத்தண்டனையைவிட நீண்ட காலம் அவன் ஏற்கெனவே சிறையில் இருந்துவிட்டிருந்தான்.

இறந்தவனின் தாய் ஒரு வாய்தாவும் தவறாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு நாளில் அவள் எதிரே போக எமக்குக் கால் வரவில்லை. அவளே வந்தாள். "யாரு குத்துனாங்கன்னு இன்னைக்குத்தானுங்க சாமி எனக்கு விளங்குச்சு. நாலு பேரையும் வெச்சு அழுதுட்டு இருந்தனுங்க" என்றாள். அவளுக்காக நடுநிலை வகித்ததாக நாம் எண்ணியிருந்தோம். அவள் அறிய விரும்பியதை அவளுக்கு அறிவித்தது எதிர்த்தரப்பு வக்கீல்.

செய்தவன் என்று தெரிந்தே ஒருவருக்காக வாதாடலாமா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் அமர்ந்து கேட்கும் எமக்கு இது பழகிய இடர்ப்பாடு. செய்தவரின் வாயாலேயே கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது, அதனால் அவரை விட்டு விலகவும் கூடாது. வழக்குரைஞர் பொய்ச்சாட்சி தயாரித்தால் அவரும் குற்றவாளி. பாதிக்கப்பட்ட குழந்தையைக் கூண்டில் வைத்து அழவைப்பதும் வாதம் ஆகாது. அதனால்தான் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், குழந்தையிடம் கேட்க வேண்டியவற்றை நீதிமன்றத்தின் வழியாகவே கேட்க வைக்கிறது. ஆனால் அரசு தன் குற்றச்சாட்டை மெய்ப்பிக்கட்டும் என்பதும், செய்த அளவுக்குத் தண்டனை இருக்கட்டும் என்பதும், இம்மனிதர் இக்குற்றம் மட்டுமே ஆனவர் அல்லர் என்பதும் பொய்கள் அல்ல. குற்றம் செய்தவருக்காகவும் அவற்றை நேர்மையாகச் சொல்லலாம்.

பெரியவரிடம் இதையெல்லாம் ஒருநாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொன்னோம். நெடுநேரம் கேட்டார். "அந்தப் பொண்ணு வீட்டுக்கும் போனீங்களா சாமி?" என்றார். வழக்கில் பாதிக்கப்பட்ட வீட்டைத்தான் சொன்னார். நாம் போயிருக்கவில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகப் பாதிக்கப்பட்டோருக்கும் உதவியும் இழப்பீடும் கோர முடியும் என்பது தெரிந்திருந்தும் போகவில்லை. மறுநாள் அவரும் வந்தார், இருவரும் போனோம். வாசலிலேயே நிற்க வைத்துத்தான் பேசினார்கள்.

கோயில் அறிவிப்புப் பலகையில், திருப்பலி நேரங்களுக்குக் கீழே, 15100 என்ற எண்ணைச் சாக்கட்டியால் எழுதி வைத்தோம். யாரோ அழித்தார்கள். மீண்டும் எழுதினோம்; மீண்டும் அழித்தார்கள். இப்போது உபதேசியாரிடம் பெயின்டால் எழுதச் சொல்லியிருக்கிறோம்.